வோட்டில்லாதவன் கையில் வோட்டுப் பெட்டி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஜேர்மனியில் உணவகங்களில் பாத்திரம் கழுவினேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்து, தெருவில் நின்று ஆட்களிடம் கருத்துக் கேட்கும் வேலையில் சேர்ந்தேன். முழங்கால் இடம் கொடுக்காததால் அதையும் விட்டுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர், "அங்கிள், ஜஸ்ட் ரைட் இற் டவுண்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உங்களுக்கு என்ன எழுதுவது? எப்படி நிற்பது, எப்படிக் கேட்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பயிற்சியில் இல்லாத ஒன்று எனக்கு நடந்தது. அதை மட்டும் எழுதுகிறேன். இதில் வரும் இரண்டு பேரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

என்னைத் தெரிந்தவர்கள், இவன் எப்படி இந்த வேலைக்குப் போனான் என்று சிரிப்பார்கள். கோயிலில் தெரிந்தவர் எதிரே வந்தால் நான் தூணைச் சுற்றிப் போகிற ஆள். ஆனால் கையில் கேள்வித்தாள் இருந்தால் யாரிடமும் பேசுவேன். கேட்பது நான் இல்லை, தாள் கேட்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருடம் ஓடியது.

இந்த நாடு ஐரோப்பாவோடு இருப்பதா, விலகுவதா என்று வாக்கெடுப்பு நடந்த வருடம் அது. பவுண்டை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்துக்கு, வாக்களித்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டு ஒரு கணிப்பு வேண்டியிருந்தது. முடிவு எந்தப் பக்கம் போகிறதோ அதை வைத்துப் பவுண்ட் ஏறும் அல்லது விழும். மற்றவர்களுக்கு முன்னால் அது அவர்களுக்குத் தெரிய வேண்டும். வாக்களிப்பு முடியும்வரை ஒரு எண்ணும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அந்த நிறுவனம்தான் எங்கள் வாடிக்கையாளர், எங்கள் எண்கள் அவர்களுக்கு மட்டும்.

வேலை எளிமையானதுதான். வாக்களிப்பு நிலைய வாசலில் ஒரு பெட்டியோடு நிற்க வேண்டும். வெளியே வருகிறவர்களை எண்ணிக்கொண்டு, சொல்லப்பட்ட எண்ணில் வருகிறவரை மட்டும் நிறுத்த வேண்டும். அவர் கையில் ஒரு மாதிரிச் சீட்டைக் கொடுத்து, உள்ளே போட்ட மாதிரியே இதிலும் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் போடச் சொல்ல வேண்டும். இடையிடையே பெட்டியைத் திறந்து எண்ணித் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

என்னுடைய மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கண்டிப்பானவர். எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவரும் அவர்தான். முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். "நீங்கள் ஆளைத் தெரிவு செய்யக் கூடாது. வரிசைதான் தெரிவு செய்ய வேண்டும்." மற்றது: "உங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். தெரிந்த முகத்துக்கு ஆட்கள் உண்மை சொல்ல மாட்டார்கள்."

அன்று எனக்குக் கொடுத்திருந்த இடம், லண்டனின் மறு கோடியில் இருக்கும் வால்தம்ஸ்டோ. விடியற்காலையில் கொட்டிய மழையில் தண்டவாளங்களில் தண்ணீர் நின்று, ரயில்கள் பாதி ஓடவில்லை. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் வாசலில் நனைந்துகொண்டு நின்று அவருக்குப் போன் எடுத்தேன். நாங்கள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம்.

"நோர்பரியில் நிற்க வேண்டியவர் கிழக்கு லண்டனில் மாட்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் நோர்பரிக்குப் போங்கள். அவர் உங்கள் இடத்துக்குப் போகட்டும்."

"மேடம், நோர்பரியில்தான் என் வீடு."

"நல்லது, வழி கேட்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முதல் நாள் அவரே சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீட்டை மடித்துத்தானே போடுகிறார்கள், என் முகம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று.

நோர்பரித் தமிழர்களுக்கு என் பெயர் தெரியாது. எல்லோருக்கும் நான் 'ஜேர்மன் அண்ணை'. என்னிடம் இருப்பது ஜேர்மன் பாஸ்போர்ட். அதனால் எனக்கு அந்த வாக்கெடுப்பில் வோட்டு இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இங்கே இருப்பவர் கொமன்வெல்த் கணக்கில் வோட்டுப் போடலாம். ஐரோப்பியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர் போட முடியாது. விலகினால் எங்களைப் போன்றவர்களை என்ன செய்வார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பல வாரங்களாக, கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், "அண்ணை, உங்களைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கே தெரியாத ஒன்றுக்கு நான் என்ன பதில் சொல்வது? சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

வாக்களிப்பு நிலையம் ஒரு தேவாலய மண்டபம். எதிர்ப்பக்கத்தில் ரஞ்சினி அக்காவின் கடை. வயதில் என்னைவிட இளையவர்தான், ஆனால் ஊரே அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் என்னைக் கண்டதும் கடை வாசலிலிருந்தே சத்தம் போட்டார்.

"என்ன ஜேர்மன் அண்ணை, வோட்டில்லாத ஆளிட்டை வோட்டுப் பெட்டியைக் குடுத்து விட்டிருக்கிறாங்கள்!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

காலை முழுவதும் மழை. மாதிரிச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, கோட்டுக்குள் சொருகிக்கொண்டு நின்றேன். முதலில் நிறுத்தியவர்களில் ஒரு வெள்ளைக்கார முதியவர் சொந்தப் பேனையோடு வந்திருந்தார். உள்ளே பென்சில் கொடுக்கிறார்கள், பிறகு அழித்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். என் சீட்டையும் அதே பேனையால் கீறினார். "உன் சட்டைப்பையில் ரப்பர் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். நீங்களும் காட்டுங்கள், கோபப்படாதீர்கள். அப்படிப்பட்டவர் போடுகிற புள்ளடிதான் உண்மையான புள்ளடி.

நம் ஆட்கள் அப்படி இல்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து வந்தார்கள். எண்ணிக்கையில் வராதவர்களும் வந்து, "அண்ணை, எனக்கும் ஒண்டு தாங்கோ, நிரப்பித் தாறன்" என்று கை நீட்டினார்கள்.

"ஏலாது, முறை இருக்குது" என்றேன்.

"உதவி செய்ய வந்தா முறை கதைக்கிறார்" என்று ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதில் நான் பிசகவில்லை. என் எண்ணில் வந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன். ரஞ்சினி அக்கா வாக்களித்துவிட்டு வந்தபோது எண் அவரிடம் விழுந்தது. அவரும் போட்டார். பிறகு ஒரு பிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

பெட்டியை ஒவ்வொரு முறை திறந்தபோதும் 'இருப்பது' என்ற பக்கம் அள்ளிக்கொண்டு இருந்தது. லண்டன் அந்தப் பக்கம்தான் சாயும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆகவே எனக்கு அது புதினமாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால், மழைக்குள் எனக்கு ஒரு சூடு ஏறியது. நான் இருக்கிற தெரு என்னை இருக்கச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். பெட்டி நமக்குப் பிடிக்காததைச் சொன்னால் மூன்று தரம் எண்ணுவோம். பிடித்ததைச் சொன்னால் ஒரு தரத்தோடு விட்டுவிடுவோம்.

மத்தியானம் எண்ணைச் சொன்னபோது, மேற்பார்வையாளரின் குரல் வழக்கத்தைவிட இளகியிருந்தது.

"எல்லா இடத்திலும் பாதிப் பேர் மழையைச் சாட்டி மறுக்கிறார்கள். உங்களிடம் யாருமே மறுக்கவில்லை போலிருக்கிறது. எப்படிச் செய்கிறீர்கள்?"

"தெரிந்தவர்கள் மேடம்."

"வாடிக்கையாளர் உங்கள் எண்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இன்று நன்றாக முடியட்டும். திங்கட்கிழமை குழுத் தலைவர் வேலைக்கு உங்கள் பெயரைக் கொடுக்கிறேன். அலுவலகத்துக்குள் வேலை. நிரந்தரம்."

நன்றி மேடம் என்றேன். முழங்கால் அப்போதே வலிக்கத் தொடங்கியிருந்தது. அது மட்டும் இல்லை. நான் அதுவரை நாள் கூலிக்காரன். நாடு விலகினால், நிரந்தர வேலை இருக்கிற ஐரோப்பியரை அசைக்க மாட்டார்கள், இல்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம் என்று எல்லோரும் கதைத்த காலம். நிரந்தரம் என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் வருடக்கணக்காக மழையில் நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் குகன் வந்தான். மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிற பொடியன், கலகலப்பானவன். எண் அவனிடம் விழுந்தது. சீட்டை வாங்கி, மறைக்காமல், என் கண் முன்னாலேயே 'இருப்பது' என்பதில் பெரிய புள்ளடி போட்டு, அதைத் தூக்கி எனக்குக் காட்டினான்.

"தம்பி, காட்டக் கூடாது. மடிச்சுப் போடும்."

"ஏன் அண்ணை, சந்தோஷப்படுங்கோவன்!"

எனக்கு ஏதோ இடித்தது. போன வாரம் கோயில் மண்டபத்தில் இவன்தான் பெரிய குரலில் வாதாடியவன். மனைவியின் தம்பிக்கு விசா மறுத்துவிட்டார்கள், ஐரோப்பாக்காரன் மட்டும் கை வீசிக்கொண்டு வருகிறான், விலகினால்தான் நமக்கு வழி என்று.

"தம்பி, உள்ளுக்கு என்ன போட்டனீர் எண்டு நான் கேக்கேல்லை. ஆனா உள்ளுக்குப் போட்டதைத்தான் இதிலையும் போட வேணும். அதுதான் இது."

அவன் சிரித்தான். கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லாத சிரிப்பு.

"அண்ணை, உள்ளுக்குப் போட்டது நாட்டுக்கு. இது உங்களுக்கு."

சொல்லிவிட்டு, சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

மண்டபத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு எண்ணிக்கை தவறியது. திரும்பப் பிடித்தேன். ஒரு ஆள்தானே, ஒரு சீட்டுத்தானே என்று மனம் சொன்னது. சரி, ஒன்றுதானா? அதை யாரிடம் கேட்பது?

கொஞ்ச நேரத்தில் ரஞ்சினி அக்கா பிளாஸ்கை எடுக்க வந்தார். வாசலில் ஆள் இல்லாத நேரம். கையில் தாள் இல்லாமல் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. சனம் எனக்காண்டி இதிலை மாத்திப் போடுதோ?"

"மாத்தி எண்டு?"

"உள்ளுக்கை ஒண்டு, இதுக்கை ஒண்டு."

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"ஓம், அதிலை என்ன? கடைக்கு வந்த சனம் எல்லாத்துக்கும் நான்தான் சொன்னனான். ஜேர்மன் அண்ணை பாவம், காலமையிலை இருந்து நனைஞ்சுகொண்டு நிக்கிறார். உள்ளுக்கு எதுக்கு வோட்டுப் போட்டாலும் போடுங்கோ, அவரின்ரை பெட்டியிலை மட்டும் அவரை இருக்கச் சொல்லிப் போட்டிட்டுப் போங்கோ, மனுசன் எண்ணிப் பாக்கேக்கை மனம் குளிரட்டும் எண்டு."

"எல்லாருக்குமோ?"

"வந்த எல்லாருக்கும்தான். ஏன், பிழையே?"

"அக்கா, இது என்னைப் பற்றின வோட்டு இல்லை."

"உங்களைப் பற்றினது இல்லாமல் வேறை ஆரைப் பற்றினது?" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "எனக்கு உந்தப் பவுண், யூரோ ஒண்டும் விளங்காது. ஒரு மனுசனுக்கு முகத்துக்கு நேரை 'போ' எண்டு எழுதிக் குடுக்க எனக்கு ஏலாது. உங்களுக்கு ஏலுமே?"

எனக்கும் ஏலாதுதான்.

"அப்ப நான் என்ன போட்டனான் எண்டும் கேக்கப் போறியளோ?"

"இல்லை அக்கா. கேக்க மாட்டன்."

அவர் தேநீர் மிச்சம் இருந்த பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, வீதியைக் கடந்து போனார்.

பெட்டி என் கையில் இருந்தது. அடுத்த எண் சொல்ல வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்யலாம்? பேசாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. சீட்டுகள் மடித்தவை, எண்ணிக்கை சரி, முறை சரி, மற்ற இடங்களோடும் ஒத்துப்போகிறது. இனிமேல் வருகிற நம் ஆட்களிடம் மட்டும் உண்மையைப் போடுங்கள் என்று கெஞ்சலாம். ஆனால் இவர்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிக் கேட்டாலே அது வேறு கேள்வியாகிவிடும். காலையில் போட்டதையும் திருத்தாது. கணிசமான சீட்டுகளை நானே மற்றப் பக்கம் மாற்றி எழுதிக் கணக்கைச் சமன் செய்யலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. உண்மைக்குக் கிட்ட வரும் என்று. அது வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டேன். அவர்கள் அன்பினால் பொய் எழுதினார்கள். நான் ஊகத்தினால் எழுதினால் அதற்கு என்ன பெயர்?

தொலைபேசியை எடுத்தேன். அழைப்புப் போகும்போதே வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"மேடம், என் பெட்டி பிழை. காலையிலிருந்து எல்லாம். எடுத்துவிடுங்கள்."

"என்ன பிழை? எண்ணிக்கை தவறிவிட்டதா?"

"இல்லை. போட்டவர்கள் எனக்காகப் போட்டிருக்கிறார்கள்."

"மடித்த சீட்டு. உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கத்தில் வேறு தொலைபேசிகள் அடிக்கிற சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். அது கத்துவதைவிடப் பயமாக இருந்தது.

"கேளுங்கள். உங்கள் எண்கள் மற்ற இடங்களைப் போலத்தான் இருக்கின்றன. வாடிக்கையாளர் எதிர்பார்க்கிற மாதிரித்தான் இருக்கின்றன. பிறகு ஏன் குழப்புகிறீர்கள்? ஒரு இடத்தை எடுத்தால் நான் காரணம் எழுத வேண்டும். நோர்பரியில் வேலை தோல்வி என்று எழுத வேண்டும். உங்கள் பெயர் அதில் இருக்கும். திங்கட்கிழமை நான் என்ன செய்வது?"

எதிரே ரஞ்சினி அக்கா கடை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிந்த முகத்துக்கு உண்மை சொல்ல மாட்டார்கள் என்று நீங்கள்தான் மேடம் சொன்னீர்கள்."

நான் அதோடு நிறுத்தவில்லை.

"என்னுடையது மற்ற இடங்களைப் போலத்தான் இருக்கிறது என்றால், அதை எடுத்தாலும் உங்களுக்கு ஒன்றும் குறையாதே" என்றேன்.

ஒரு மேலாளரிடம் அப்படி எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பெட்டியை மூடுங்கள்" என்றார். "வீட்டுக்குப் போங்கள்."

"எடுத்துவிடுவீர்களா?"

"போங்கள் என்றேன்."

வேலை முடிந்து வருகிற கூட்டம் அப்போதுதான் மண்டபத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. நான் பெட்டியை மூடி, ஒட்டி, குடையை விரித்தேன். வெளியே வந்த ஒரு பெண், தானாகவே என்னிடம் வந்து சீட்டுக்குக் கை நீட்டினார். முடிந்துவிட்டது என்றேன். இன்னும் நேரம் இருக்கிறதே என்றார். எனக்கு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பிள்ளைகளே, உங்களிடம் முறைத்தபடி பொய் சொல்கிறவர்களை நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். மறுப்பவர்களைக் கணக்கில் எடுக்கவும் வழி இருக்கிறது. சிரித்துக்கொண்டு, தேநீர் கொண்டுவந்து தந்து, உங்கள் மனம் குளிர வேண்டும் என்று பிழையாக எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொழிலில் இன்னும் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டது ஒன்றுதான்: உங்களைத் தெரிந்த தெருவில் நிற்கச் சொன்னால், வேலை போனாலும் நிற்காதீர்கள். நின்றுவிட்டால், தெரிந்த உடனே சொல்லிவிடுங்கள். பிந்தினால் சொல்ல வாய் வராது.

அவர் என் பெட்டியை எடுத்தாரா, சேர்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரஞ்சினி அக்கா உள்ளே என்ன போட்டார் என்பதும் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிய எழும்பியபோது முடிவு வந்திருந்தது, விலகுவதென்று. பவுண்ட் விழுந்திருந்தது. அலுவலகத்திலிருந்து அழைப்பு வரவில்லை. மழை விட்டிருந்தது. கடைக்குப் போய் ஒரு பால் போத்தல் எடுத்தேன். ரஞ்சினி அக்கா என் முகத்தைப் பார்க்காமல், காசு வேண்டாம் என்றார். காசை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.